சிவப்பு மூடி டப்பா

எங்கள் முறுக்கு வியாபாரத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் இதுவரை அதிகம் பேர் பார்த்த பதிவு, என் கணவர் இறந்த செய்திதான்.

முறுக்கு எண்ணெயில் பொரிகிற சத்தத்தை எத்தனை விதமாகப் படம் பிடித்துப் போட்டிருப்போம்! மாவு பிசைவதைப் போட்டோம், எள் தூவுவதைப் போட்டோம், முறுக்கை இரண்டாக உடைத்து அந்த 'டக்' சத்தத்தைக் கைப்பேசிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்க வைத்தோம். அதற்கெல்லாம் வராத கூட்டம் அவருடைய சாவுக்கு வந்தது. கைப்பேசி ஓயாமல் 'டிங் டிங்' என்று அடித்துக்கொண்டே இருந்தது. அழுகிற பொம்மை முகம், கும்பிடுகிற கை, உடைந்த இதயம் என்று வரிசையாக வந்து விழுந்தன. எனக்கு அதை எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. வேறு கைப்பேசி வாங்க யார் அலைவது?

நாங்கள் ஆசைப்பட்டுத் தொழில் தொடங்கியவர்கள் இல்லை. அவர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து காற்றாடி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பேச்சு குறைந்துபோனது. அந்த வருடம் தீபாவளிக்கு வழக்கம்போலச் சொந்தக்காரர்களுக்கு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். எனக்கு மணிக்கட்டு வலி. முணுமுணுத்துக்கொண்டே பிழிந்ததைக் கேட்டு எழுந்து வந்தார். "குடுலா இங்க" என்று அச்சைப் பிடுங்கினார். கப்பலில் போல்ட் முடுக்கிய கை. மாவு வெண்ணெய் மாதிரி இறங்கியது. காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அடுப்பங்கரைக்கு வந்தது அப்படித்தான். அதன் பிறகு அவரை அங்கிருந்து கிளப்பவே முடியவில்லை.

வீட்டில் செய்து விற்கலாம் என்று முடிவானது. யாரிடம் விற்பது? தமிழ்ப் பெண்கள் இருக்கும் ஒரு ஃபேஸ்புக் குழுவில் நானே படம் எடுத்துப் போட்டேன். டியூப் லைட் வெளிச்சத்தில் முறுக்கு எறும்புப் புற்று மாதிரி விழுந்திருந்தது. என் அண்ணி மட்டும் லைக் போட்டாள். அவளும் பாவம் பார்த்துத்தான் போட்டிருப்பாள். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த மகள் அந்தப் படத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, இப்படிப் போட்டா யாரும்மா சாப்பிடுவா? வீடியோ எடுக்கணும். அப்பா பிழியறத எடுக்கலாம்."

அவர் பதறிப் போனார். "என் மூஞ்சியப் பாத்தா எவன்லா முறுக்கு வாங்குவான்? கைய மட்டும் எடு."

கையை மட்டும் எடுத்து, முறுக்குக்கென்றே ஒரு பக்கம் தொடங்கிப் போட்டாள். கறுத்த, நரம்பு புடைத்த கை. பட்டறையில் என்றோ அடிபட்டு இடது பெருவிரல் நகம் கொஞ்சம் கோணலாக வளர்ந்திருக்கும். அந்தக் கை அச்சைப் பிடித்து வட்டமாகச் சுற்றும். சுற்றி முடிக்கும்போது எல்லோரும் முறுக்கின் வாலை ஓரத்தில் ஒட்டுவார்கள். அவர் மட்டும் வாலை நடுவுக்கு இழுத்துக் கொண்டுவந்து பெருவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவார். வால் ஓரத்தில் இருந்தால் டப்பாவில் இடிபட்டு உடைகிறதாம். எனக்கு அது பிடிக்கவே இல்லை. லட்சணமான முறுக்கின் நடுவில் பள்ளம் என்ன பள்ளம் என்று சண்டை போட்டேன். கேட்கவில்லை. வீடியோ போன சில நாளில் யாரோ ஒரு பெண் கீழே எழுதினாள்: 'அங்கிள் முறுக்குக்குத் தொப்புள் இருக்கு!' அவ்வளவுதான். ஊர் முழுக்க அது தொப்புள் முறுக்கு ஆகிவிட்டது. தொப்புள் இல்லாமல் ஒன்றிரண்டு போய்விட்டால் ஆளாளுக்குப் படம் எடுத்து அனுப்பிக் கேலி செய்தார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

வாடிக்கையாளர்கள் பிடிபட்டது அந்தக் கையால்தான். வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் பசியோடு தொங்கிக்கொண்டு வருகிற நேரமாகப் பார்த்து வீடியோவைப் போட வேண்டும் என்பதை மகள் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒரு சின்ன நீலத் தள்ளுவண்டியில் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போவார். சந்தைக்கு வருகிறவர்கள் சொல்லி வைத்ததை வாங்கிக்கொள்வார்கள். கிராஞ்சி தொழிலாளர் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும் ஊர்ப் பிள்ளைகளும் சின்னப் பொட்டலமாகக் கேட்டு வாங்குவார்கள். வீட்டுக்கு வந்ததும் யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒப்பிப்பார். வேலை போன பிறகு வாயைத் திறக்காத மனிதர், நான் வாயை மூடச் சொல்லும் அளவுக்குப் பேசினார்.

தீபாவளிக்கு மட்டும் டப்பா. சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. இந்த ஊரில் சீனப் புத்தாண்டுக்கு அன்னாசி டார்ட் வருவதும் அதில்தான், ஹரி ராயா பெருநாளுக்குக் குவே பலகாரம் வருவதும் அதில்தான். "எல்லாருக்கும் ஒரே டப்பா. இதுதான்லா சிங்கப்பூர்" என்பார். முதல் தீபாவளியின்போது வாங்கியவர்கள் தங்கள் வீட்டு மேசையைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். புதுத் துணி, குத்துவிளக்கு, பலகாரத் தட்டு, ஒரு ஓரத்தில் எங்கள் டப்பா. அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் இரண்டு விரலால் பெரிதாக்கி டப்பாவைத் தேடுவார். கண்டுபிடித்ததும், "இந்தா, இங்க இருக்கு பாரு!" என்று கூவுவார். யாரோ ஒருவர் வீட்டு மேசையில் தன் கைப் பொருள் இருக்கிறது என்பதில் அந்த மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பட்டறையில் அத்தனை வருடம் கட்டிய கப்பல்களைப் பற்றி அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

போன வருடத் தீபாவளிக்குச் சீக்கிரமாகவே டப்பாக்கள் வாங்கி மகள் அறையில் கூரை வரைக்கும் அடுக்கினார். மகள் படுக்கைக்குப் போக ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். "இந்த வருஷம் பாரு. எந்த வீட்டுப் படத்தப் பாத்தாலும் நம்ம டப்பா இருக்கும்" என்றார். முன்பதிவு நன்றாக வந்துகொண்டிருந்தது. தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலை, மாவு சலித்துக்கொண்டிருந்தவர் மூச்சு வாங்குகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் போய்விட்டார். சல்லடை மடியில் இருந்தது. ஆம்புலன்சில் வந்தவர்கள் அவர் நெஞ்சை அமுக்கியபோது மாவு பறந்தது. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அடுக்குமாடியின் கீழே திறந்த தளத்தில், வாய்ட் டெக்கில் வைத்திருந்து மண்டாய் தகனச் சாலைக்குக் கொண்டு போனோம். அதற்கிடையில் ஃபேஸ்புக் பக்கத்தில் செய்திகள் வந்தபடி இருந்தன. ஆர்டர் என்னாச்சு, ஏன் பதில் இல்லை, ஞாயிறு அங்கிள் வரவில்லையே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. பக்கத்திலேயே போட்டுவிடு என்று மகளிடம் சொன்னேன். என்ன படம் போடுவது என்று கேட்டாள். இரங்கல் செய்திக்குக் கையையா போட முடியும்? முகத்தைப் போட்டோம். நெற்றியில் திருநீறு வைத்து, என் தம்பி மகள் கல்யாணத்தில் எடுத்த படம். காட்டவே மாட்டேன் என்று அடம்பிடித்த முகத்தை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது. 'அங்கிள் இவ்வளவு அழகா' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். எனக்கு அவள் மேல் பொறாமையா கோபமா என்று தெரியவில்லை, அழுகை மட்டும் வந்தது.

துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏற்றக் கூடாது என்பார்கள். கருமாதி வரைக்கும் நான் அடுப்பில் எண்ணெய் வைக்கவில்லை. அதன் பிறகும் ஒரு வருடத்துக்கு வீட்டில் பண்டிகை கிடையாது, பலகாரம் கிடையாது. ஆனால் விற்பது? என் அண்ணன் தீர்மானமாகச் சொன்னார்: "உனக்குத்தாம்மா பண்டிகை இல்ல. வாங்கறவங்களுக்கு இருக்குல்ல. தொழில் வேற, பண்டிகை வேற. செய்." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவர் அடுக்கி வைத்துவிட்டுப் போன டப்பாக்கள் அறையில் நிற்கின்றன. அவற்றை நிரப்பி வீடு வீடாகச் சேர்த்துவிட வேண்டும். அந்தத் தீபாவளிக்கு ஊரார் மேசைகளில் அவர் டப்பா இருக்க வேண்டும். கருமாதி முடிந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

ஆனால் அந்தப் பதிவு தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது.

முதலில் ஒரு அம்மா எழுதினார், இந்த வருடம் ஊருக்குப் போகிறார்களாம், டப்பா வேண்டாமாம். போகட்டும் என்றிருந்தேன். அடுத்தவருக்குச் சர்க்கரை கூடிவிட்டது, டாக்டர் எண்ணெய் ஆகாது என்றாராம். இன்னொருவருக்கு மாமியார் வீட்டிலேயே செய்கிறார்களாம். எல்லோரும் ரொம்ப மரியாதையாக, 'உடம்பப் பாத்துக்குங்க சிஸ்டர்' என்று முடித்திருந்தார்கள். ஒரே வாரத்தில் இத்தனை பேருக்கா சர்க்கரை கூடும் என்று மகளிடம் எரிந்து விழுந்தேன். அவளுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

உட்லண்ட்ஸில் இருக்கும் ஒரு பெண் மட்டும் செய்தி அனுப்பவில்லை. போன் செய்தாள். எங்கள் முதல் தீபாவளியிலிருந்து வாங்குகிறவள், தொப்புள் என்று பேர் வைத்ததே அவள்தான்.

"அக்கா, நான் பொய் சொல்ல விரும்பல. தீபாவளிப் பலகாரம் சாமிக்குப் படைக்கிறது. துக்க வீட்லேந்து வாங்கி வச்சா... எங்க வீட்ல பெரியவங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. எனக்கும் மனசு ஒரு மாதிரியா இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்கக்கா."

"தப்பு ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"அண்ணன் கையால சாப்பிட்டிருக்கோம். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ரெண்டு நாளா அழுதேன்."

போனை வைத்த பிறகு திட்டுவதற்கு ஆள் தேடினேன். கிடைக்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் வாங்கியிருக்க மாட்டேன். துக்கம் எங்கள் வாசற்படிக்குள் நிற்கிற சங்கதி என்று நினைத்திருந்தேன். டப்பாவோடு சேர்ந்து அடுத்த வீட்டுக்கும் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாவை மறைத்தா வைக்க முடியும்? ஆனால் பலகாரம் விற்கிற பக்கத்தில், முறுக்குப் படத்துக்கும் முறுக்குப் படத்துக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தது நாங்கள்தான்.

மகள் விடவில்லை. அப்பாவின் டப்பாக்களுக்கு நடுவில் படுத்து எழுகிறவள் அவள்தானே. ஒரு மாலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்தப் போஸ்ட்ட எடுத்துடுவோம். அழிக்க வேணாம், மறைச்சு வைக்கலாம். அப்பாவோட பழைய வீடியோ ஒண்ணத் திரும்பப் போடறேன். புதுசா ஆளுங்க வருவாங்க."

"வந்து கேட்டா?"

"யாரும்மா கேக்கப் போறா, உங்க வீட்ல யாராச்சும் செத்துட்டாங்களான்னு? நாம பொய் சொல்லல. கேக்கல, சொல்லல. அவ்வளவுதான்."

"தெரியாம வாங்கி சாமிக்கு வச்சுட்டாங்கன்னா?"

"சாமிக்குத் தெரியும்மா அப்பா யாருன்னு."

சரி என்றேன். அவள் பதிவை மறைத்துவிட்டுப் பழைய வீடியோவைப் போட்டாள். அந்தக் கை மறுபடி வந்தது. அச்சைச் சுற்றியது, வாலை நடுவுக்கு இழுத்தது, பெருவிரலால் அமுக்கியது. வீடியோவில் அவர் குரல் இல்லை. அவர் பிழியும்போது ஓயாமல் ஏதாவது பேசுவார் என்பதால் மகள் அவர் குரலை எடுத்துவிட்டு நாதஸ்வர இசை போட்டிருந்தாள். நான் சத்தமே இல்லாமல் வைத்துப் பார்த்தேன்.

வீடியோ ஓடியது. ஏன் ஓடுகிறது, ஏன் ஓடாது என்பதெல்லாம் அந்தக் கைப்பேசிக்குள் இருக்கும் எவனுக்கோதான் வெளிச்சம். முன்பின் தெரியாதவர்கள் வரிசையாக வந்தார்கள். பொங்கோல், ஜூரோங், தெம்பனிஸ் என்று எங்கெங்கிருந்தோ கேட்டார்கள். 'தீபாவளிக்கு டப்பா இருக்கா?', 'தொப்புள் முறுக்குதானே?', 'அங்கிள் கைக்கு ஒரு லைக்.' மகள் முகத்தில் பல நாள் கழித்து வெளிச்சம் வந்தது. எனக்கும் ஆசை வந்தது என்பதை மறைப்பானேன். அவர் சொன்ன மாதிரியே எல்லா வீட்டு மேசையிலும் டப்பா இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆர்டருக்குப் பிழிவதற்கு முன் கை பழகட்டும் என்று கொஞ்சமாக மாவு பிசைந்தேன். அவர் போன பிறகு முதல் முறையாக எண்ணெய்ச் சட்டி ஏறியது. முறுக்கு நன்றாகத்தான் வந்தது. தொப்புள் வைக்க மட்டும் என்னால் முடியவில்லை. பெருவிரலைக் கொண்டு போவேன், கை நின்றுவிடும். பழையபடி வாலை ஓரத்திலேயே ஒட்டினேன். பொட்டலம் கட்டி, அந்த ஞாயிற்றுக்கிழமை நானே நீலத் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு தேக்காவுக்குப் போனேன்.

சிராங்கூன் ரோடு முழுக்கத் தீபாவளி அலங்கார விளக்குத் தோரணம் கட்டியிருந்தார்கள். பகலில் அவை எரியாமல் தொங்கின. தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் அவர் வழக்கமாக நிற்கிற இடம் எனக்குத் தெரியும். அங்கே போய் நின்ற கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் வண்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். கிராஞ்சி விடுதியில் தங்கிக் கட்டுமான வேலை செய்பவர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் எங்கள் பக்கத்தையெல்லாம் பார்க்கிறவர் இல்லை. வண்டியைத்தான் தெரியும்.

"நாலஞ்சு வாரமா தேடறேன். தீபாவளிக்கு முன்னாடி ரூம்மேட் ஊருக்குப் போறான், அவன்கிட்ட வீட்டுக்குக் குடுத்து விடலாம்னு." மூன்று பொட்டலம் எடுத்தார். ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். "என்னக்கா, தொப்புளக் காணோம்? அண்ணன் எங்க?"

பக்கத்தில் எழுதிப் போடுவது சுலபமாக இருந்தது. மகள் தட்டச்சு செய்தாள், நான் தலையாட்டினேன். வந்து விசாரித்தவர்களுக்கெல்லாம் என் கூடப்பிறந்த அண்ணன்தான் பதில் சொன்னார். என் வாயால் அந்த வார்த்தையை நான் அதுவரை சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணன் இல்லப்பா" என்றேன். "இறந்துட்டாரு."

சுற்றிலும் ஒரே இரைச்சல். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கையில் இருந்த பொட்டலங்களில் இரண்டை மெதுவாக, சத்தம் வராமல், வண்டியில் திரும்ப வைத்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அம்மா வாங்குன உடனே சாமிக்கு வச்சிடுவாங்க. அவங்களுக்குத் தெரியாம நான்..." கையில் மிச்சமிருந்த ஒன்றை அங்கேயே பிரித்தார். என் முன்னாலேயே ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். கண் கலங்கியிருந்தது. "இது எனக்கு. நான் சாப்பிடறேன்க்கா."

நின்று, முழுவதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

நான் மிச்சப் பொட்டலங்களோடு ரயிலில் திரும்பி வந்தேன். ஈசூன் வருகிற வரைக்கும் அந்த மனிதர் பொட்டலத்தைத் திரும்ப வைத்த விதமே கண்ணுக்குள் நின்றது. நான் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பொட்டலம் கடல் தாண்டிப் போய் முகம் தெரியாத ஒரு அம்மாவின் சாமி மாடத்தில் இருந்திருக்கும். அந்த அம்மா ஏமாந்திருப்பார், வீடியோவைப் பார்த்துக் கேட்டவர்களும்தான். ஏமாற்றுவது அந்த வீடியோவில் இருக்கும் என் கணவருடைய கை. அதை நினைக்க எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கை யாரையும் ஏமாற்றியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளை உட்கார வைத்துச் சொன்னேன். கேட்ட ஒவ்வொருவருக்கும் எழுது: எங்கள் வீட்டில் இந்த வருடம் துக்கம், வீடியோவில் இருப்பவர் இப்போது இல்லை, தெரிந்தே வாங்குவதாக இருந்தால் செய்து தருகிறேன். மறைத்து வைத்த பதிவையும் திரும்ப வெளியே எடு.

"எல்லாரும் போயிடுவாங்கம்மா."

"போகட்டும்."

"அப்பா வாங்கி வச்ச டப்பா?"

நான் கைப்பேசியை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் ஒவ்வொருவருக்காக எழுதினாள். எழுதும்போதே அழுதாள். படித்துவிட்டதற்கான நீலக் குறிகள் விழுந்தன. சிலர் கும்பிடும் கையைப் போட்டார்கள். சிலர் அதுவும் இல்லாமல் போய்விட்டார்கள். தெரிந்தே வாங்குகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் மகள் கைப்பேசியைச் சோபாவில் எறிந்துவிட்டு அறைக்குள் போனாள். உள்ளே டப்பாக்கள் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. எனக்கும் எதையாவது தள்ளிவிட வேண்டும் போலத்தான் இருந்தது.

தீபாவளி நெருங்கியது. அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. துக்க வீட்டில் பலகாரம் செய்ய மாட்டார்கள், அதனால் மற்றவர்கள்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அதுதானே முறை? ஒரு காலை கதவைத் திறந்தால் இரும்புக் கேட்டில் ஒரு பை தொங்கியது. உள்ளே அதிரசம். மறுநாள் இன்னும் சில பைகள். அச்சு முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை. சர்க்கரை கூடிய அம்மா அனுப்பியது, ஊருக்குப் போவதாகச் சொன்ன அம்மா அனுப்பியது. மணியை அடிக்காமல் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பொய் சொன்ன வெட்கம் போல. முறுக்கு விற்கிற வீட்டுக் கதவில் முறுக்குப் பொட்டலம் தொங்குகிற கூத்தை அவர் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். "பாத்தியாலா, போட்டிக் கம்பெனிக்காரன் சாம்பிள் அனுப்பியிருக்கான்" என்றிருப்பார். நான் ஒவ்வொன்றையும் பிட்டு வாயில் போட்டுப் பார்த்தேன். இதில் உப்பு கம்மி, அதில் எண்ணெய் காறல் என்று சமையலறையில் தனியாக நின்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு ஆள் இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள் மதியம் மணி அடித்தது. அடித்தது ஒருத்திதான், உட்லண்ட்ஸ் பெண். அவள் முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். கையில் பை. வாசலிலேயே நின்று, உள்ளே வரலாமா என்கிற மாதிரி பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அவள் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தது எங்கள் டப்பா. சிவப்பு மூடி. மேலே மகள் வரைந்த லேபிள், பழைய தீபாவளியுடையது, ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தது.

"முதல் தீபாவளிக்கு வாங்குன டப்பாக்கா. தூக்கிப் போட மனசு வராம பருப்பு போட்டு வச்சிருந்தேன். கடையில எதுவும் வாங்கி உங்களுக்குக் குடுக்கப் பிடிக்கல. நானே செஞ்சேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. அச்சே இப்பதான் தேக்காவில வாங்குனேன். அண்ணன் வீடியோவ ஓட விட்டு, நிறுத்தி, ஓட விட்டு, நிறுத்தி..." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "எங்க வீட்டுக்கு நாளைக்கு வேற முறுக்கு இருக்கு. இது உங்களுக்கு மட்டும்."

மூடியைத் திறந்தேன். ஒரு முறுக்குகூட உருப்படியாக வட்டமாக இல்லை. ஒன்று சிவந்திருந்தது, ஒன்று வெளுத்திருந்தது. ஆனால் ஒவ்வொன்றிலும் வால் நடுவுக்கு வந்திருந்தது. நடுவில் பெருவிரல் பள்ளம். அவருடைய பள்ளத்தில் என் விரல் நுனி முழுவதும் புதையும். இது சின்னப் பள்ளம், பெண்பிள்ளையின் விரல். என்னால் வைக்க முடியாததை அவள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். நான் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டு, அவர் போன அன்று அழாத அழுகையெல்லாம் அழுதேன். அவளும் அழுதாள். அறையிலிருந்து மகள் வந்து என்னவோ ஏதோ என்று பார்த்து, டப்பாவைப் பார்த்து, அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் போன பிறகு ஒரு முறுக்கை எடுத்து அவர் படத்துக்கு முன்னால் வைத்தேன். இன்னொன்றை உடைத்து நானும் மகளும் தின்றோம். கல் மாதிரி இருந்தது. உப்பு கரித்தது. ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் தீபாவளி. எதிர் வரிசை வீடுகளில் வாசலில் கோலம், புதுத்துணி, பிள்ளைகளின் கூச்சல். எங்கள் வாசலில் எதுவும் இல்லை. மகள் வழக்கம்போலக் கைப்பேசியில் மற்றவர்கள் வீட்டுப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கடைசியில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து எங்கள் மேசையைப் பார்த்தாள்.

"இந்தா, இங்க இருக்கு பாருங்கப்பா" என்றாள்.